மேகக் கணிமையில் ஓர் எளிய இணையச் செயலி

அரசுக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள தொடர்பின் பெரும்பகுதி இன்று இணையத்தின் வழியே நடைபெறுகிறது. தேசிய தகவலியல் மையம் 1976-ஆம் ஆண்டு நிறுவப்பட்டபோது, அரசு அலுவலகங்களில் கணினி என்பது காண்பதற்கரிய பொருளாக இருந்தது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. 2006-ஆம் ஆண்டில் தேசிய மின் ஆளுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றதையடுத்து, மாநிலத் தரவு மையங்களும் கிராமங்களில் பொதுச் சேவை மையங்களும் படிப்படியாக அமைந்தன. இன்று சான்றிதழ், உதவித்தொகை, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் கணினித் திரையின் வழியாகவே அலுவலகத்தை வந்தடைகின்றன.

இத்தகைய சேவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நிரல் இயங்குகிறது. நிரலை எழுதும் முறையை நம் கல்லூரிகள் கற்பிக்கின்றன. எழுதி முடித்த நிரலை நாட்டின் எந்த மூலையிலிருந்தும், எந்த நேரத்திலும் எட்டக்கூடிய இடத்தில் அமைத்து இயக்கும் முறை அந்த அளவுக்குக் கற்பிக்கப்படுவதில்லை. தொழில்துறையினர் இதனை ‘டிப்ளாய்மென்ட்’ என்பர். நாம் இதனைப் ‘பணியமர்த்தல்’ எனலாம். தேர்வில் வெற்றி பெற்ற ஒருவரைப் பணியில் அமர்த்தும்போது இடம், அதிகாரம், பொறுப்பு, மேற்பார்வை ஆகியவற்றை வரையறுப்பது போலவே, நிரலுக்கும் இவற்றை வரையறுக்க வேண்டியுள்ளது. மாணவர்க்கும் அலுவலர்க்கும் பயன்படும் வகையில் இம்முறையை இங்கு விளக்குவோம்.

விளக்கத்திற்கென ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாவட்ட அலுவலகம், கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களை ஏற்று, அவற்றின் நிலையைத் தெரிவிக்கும் சிறு இணையச் செயலி ஒன்றை உருவாக்கியுள்ளது என்று கொள்வோம். விண்ணப்பிக்கும் மாணவி பெரும்பாலும் சிற்றூரைச் சேர்ந்தவள். பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொதுச் சேவை மையத்திற்குப் பேருந்தில் சென்று விண்ணப்பிப்பவள். கடைசி நாளன்று செயலி இயங்காவிடில், அவள் இழப்பது ஓராண்டுப் படிப்பாகவும் இருக்கலாம். நிரலைப் பணியமர்த்துவதில் எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவையும் இக்கண்ணோட்டத்திலேயே மதிப்பிட வேண்டும்.

இணையச் செயலியின் அமைப்பு

இணையச் செயலியில் மூன்று பகுதிகள் உண்டு. விண்ணப்பதாரரின் கைப்பேசியிலோ கணினியிலோ தோன்றும் பக்கம் முதலாவது பகுதி. அப்பக்கத்திலிருந்து வரும் கோரிக்கைகளைப் பெற்று, விதிகளின்படி ஆராய்ந்து, விடையளிக்கும் நிரல் இரண்டாவது பகுதி. விவரங்களை நிலையாகப் பாதுகாக்கும் தரவுத்தளம் மூன்றாவது பகுதி. அலுவலக வழக்கில் கூறுவதானால் இவை முறையே முகப்புச் சாளரம், எழுத்தர், ஆவணக் காப்பறை எனலாம்.

நிரலும் தரவுத்தளமும் எப்பொழுதும் விழித்திருக்கும் ஒரு கணினியில் இயங்க வேண்டும். இதனைச் சர்வர் அல்லது வழங்கி என்கிறோம். இதற்குத் தடையற்ற மின்சாரம், குளிரூட்டல், விரைவான இணைய இணைப்பு, பழுது பார்ப்போர், காவல் ஆகிய அனைத்தும் தேவை. ஒரு சிறு அலுவலகத்தின் மூலையில் இவற்றை ஆண்டு முழுவதும் பராமரிப்பது எளிதன்று.

சொந்தமா, வாடகையா?

கிளவுட் கம்ப்யூட்டிங் எனப்படும் மேகக் கணிமை, இத்தேவைக்கு வாடகை முறையில் தீர்வு காண்கிறது. பெரிய தரவு மையங்களில் உள்ள ஆயிரக்கணக்கான வழங்கிகளின் திறனைச் சிறு கூறுகளாகப் பிரித்து, தேவைப்படுவோர்க்குத் தேவைப்படும் காலத்திற்கு மட்டும் அளிப்பதே இதன் அடிப்படை. அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு சேமிப்பிடத்தையும் கணிப்புத் திறனையும் இவ்வாறு வாடகைக்கு அளிக்கத் தொடங்கியது. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வரையறையில், வேண்டும்போது தாமே பெறும் வசதி, வலைப்பின்னல் வழியே எட்டும் தன்மை, வளங்களைப் பலரிடையே பகிர்தல், விரைவில் கூட்டவும் குறைக்கவும் இயலுதல், பயன்பாட்டை அளவிடுதல் என்னும் ஐந்தும் மேகக் கணிமையின் இன்றியமையாத இயல்புகளாகக் குறிக்கப்பட்டுள்ளன.

பொருளாதார நோக்கில், இது மூலதனச் செலவை நடைமுறைச் செலவாக மாற்றும் ஏற்பாடாகும். அம்மாற்றம் எப்பொழுதும் இலாபகரமானதா என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். சந்தை விலையைக் கருதாமல், கணக்கிடும் முறையை மட்டும் விளக்கும் பொருட்டுச் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வழங்கியின் விலை ரூ. 3,00,000; அதன் ஆயுள் 5 ஆண்டுகள். எனவே, ஆண்டுக்குத் தேய்மானம் ரூ. 60,000. மின்சாரமும் பராமரிப்பும் ரூ. 60,000 எனில், ஆண்டுச் செலவு ரூ. 1,20,000 ஆகிறது. மறுபுறம், வாடகைத் திறனில் ஓர் அலகுக்கு மாதம் ரூ. 4,000 என்று கொள்வோம். ஆண்டு முழுவதும் ஓர் அலகு போதுமானதாயின் செலவு ரூ. 48,000. கடைசி நாட்களின் நெரிசலுக்காக 10 நாட்களுக்கு மட்டும் மேலும் 5 அலகுகள் தேவைப்பட்டால், கூடுதல் செலவு சுமார் ரூ. 6,700. ஆக மொத்தம் ரூ. 55,000-க்கும் குறைவு. வாடகையே சிக்கனம் என்பது தெளிவு.

அதே ஆறு அலகுகளும் ஆண்டின் எல்லா நாட்களிலும் தேவைப்படுமாயின் வாடகை ரூ. 2,88,000 ஆகிவிடும். அப்போது சொந்த வழங்கியே மேல். ஆகவே, பணிச்சுமை ஏறி இறங்கும் இடத்தில் வாடகையும், பெருஞ்சுமை சீராக நீடிக்கும் இடத்தில் உடைமையும் பொருத்தமாகின்றன. உதவித்தொகை, தேர்வு முடிவுகள், சேர்க்கை போன்ற பணிகள் முதல் வகையைச் சேர்ந்தவை.

சுமை எவ்வளவு திடீரென ஏறக்கூடும் என்பதை 2021-ஆம் ஆண்டின் தடுப்பூசிப் பதிவு காட்டியது. ஏப்ரல் 28 அன்று 18 வயதுக்கு மேற்பட்டோர் அனைவர்க்கும் கோவின் தளத்தில் பதிவு தொடங்கியபோது, தொடக்கத்தில் பலரால் தளத்தை எட்ட இயலவில்லை; எனினும், அந்த ஒரே நாளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். இத்தகைய நாளை எதிர்நோக்கித் திறனைக் கூட்டும் வசதி மேகக் கணிமையில் உண்டு. எந்நாள் அது என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்வது அலுவலகத்தின் கடமையாகும்.

மூன்று வகைச் சேவைகள்

மேகக் கணிமைச் சேவைகள் மூவகைப்படும். முதல் வகை உட்கட்டமைப்புச் சேவை. இதில் வெறும் கணினி மட்டும் கிடைக்கும். இயக்க முறைமையைப் புதுப்பிப்பது முதல் அனைத்தும் வாடகைதாரரின் பொறுப்பு. இரண்டாவது வகை தளச் சேவை. இதில் நிரலை மட்டும் அளித்தால் போதும். அதனை இயக்கத் தேவையான சூழலைச் சேவை நிறுவனமே அமைத்துத் தரும். மூன்றாவது வகை மென்பொருள் சேவை. இதில் முடிவுற்ற மென்பொருளையே பயன்படுத்துகிறோம்; மின்னஞ்சல் சேவை இதற்கு எடுத்துக்காட்டு.

இவற்றைக் காலிமனை, சமையலறை வசதியுடன் கூடிய வாடகை வீடு, உணவு விடுதி ஆகியவற்றுக்கு ஒப்பிடலாம். நம் எடுத்துக்காட்டிலுள்ளது போன்ற சிறு செயலிக்கு இரண்டாவது வகையே ஏற்றது. 2007-இல் தோன்றிய ஹெரோகு, 2008-இல் கூகுள் வெளியிட்ட ஆப் என்ஜின் ஆகியவை இவ்வகையின் முன்னோடிகள். நம் நாட்டில் அரசுக்கென ‘மேகராஜ்’ என்னும் முன்முயற்சி வகுக்கப்பட்டு, தேசிய தகவலியல் மையத்தின் தேசிய மேகச் சேவை 2014 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தனியார் சேவை நிறுவனங்களையும் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தணிக்கைக்குப்பின் பட்டியலிடுகிறது. அரசுத் துறைகளுக்கான தரவு இந்திய எல்லைக்குள் உள்ள மையங்களிலேயே இருக்க வேண்டும் என்பது இப்பட்டியலின் நிபந்தனைகளுள் முதன்மையானது. கொள்முதல் அரசு மின்சந்தையின் வழியே நடைபெறுகிறது.

நிரலைப் பயணத்திற்கு ஆயத்தம் செய்தல்

எழுதியவரின் கணினியில் சரியாக இயங்கும் நிரல், வேறிடத்தில் இயங்க மறுப்பது அன்றாட அனுபவம். அந்தக் கணினியில் ஏற்கெனவே உள்ள பல வசதிகளை நிரல் அறியாமலே சார்ந்திருப்பதே இதற்குக் காரணம். எனவே, புறப்படுமுன் ஐந்து ஏற்பாடுகள் தேவை.

முதலாவது, சார்புப் பட்டியல். நம் செயலி பைத்தான் மொழியில், 2010-இல் வெளிவந்த ஃபிளாஸ்க் என்னும் கருவியைக் கொண்டு எழுதப்பட்டது என்று கொள்வோம். அது பயன்படுத்தும் துணை நிரல்கள் அனைத்தையும் பதிப்பு எண்ணுடன் ஒரு கோப்பில் பட்டியலிட வேண்டும். பதிப்பு எண் குறிக்கப்படாவிடில், இன்று இயங்கிய செயலி ஆறு திங்கள் கழித்துப் புதிய துணை நிரலுடன் பொருந்தாமல் நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, இரகசியங்களைப் பிரித்தல். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதலாகாது. நிரலைக் காண்போர் அனைவரும் அதனைக் காண்பர். பழைய பிரதிகளிலும் அது நிலைத்துவிடும். இத்தகைய விவரங்களைச் சேவைத் தளத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘சூழல் மாறிகள்’ என்னும் பெயரில் தனியே அளிக்க வேண்டும். இயங்கும் வேளையில் நிரல் அவற்றை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். பெட்டகத்தின் சாவியைக் கோப்புக்குள் வைத்துத் தைத்துவிடாமல், பொறுப்பாளரிடம் வைப்பதற்கு இது ஒப்பாகும்.

மூன்றாவது, நுழைவாயில் எண். ஒரே கணினியில் பல நிரல்கள் இயங்குவதால், எந்தக் கோரிக்கை எந்த நிரலுக்குரியது என்பதைப் போர்ட் எனப்படும் எண் கொண்டு பிரிக்கின்றனர். ஒரே கூடத்தில் உள்ள பல கவுன்ட்டர்களைப் போன்றது இது. தளச் சேவையில் இவ்வெண்ணைச் சேவைத் தளமே ஒவ்வொரு முறையும் ஒதுக்கும். நிரலில் தானாக ஓர் எண்ணை நிலைநிறுத்திவிட்டால், கோரிக்கைகள் ஒரு கவுன்ட்டரில் காத்திருக்க, எழுத்தர் வேறொன்றில் அமர்ந்திருக்கும் நிலை ஏற்படும். பணியமர்த்தல் முதல் முயற்சியில் தோல்வியுறுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

நான்காவது, தக்க இயக்குநிரல். ஃபிளாஸ்க் கருவியுடன் வரும் சிறு வழங்கி, எழுதுவோர் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. மக்கள் பயன்பாட்டிற்கு கூனிகார்ன் போன்ற வலுவான இயக்குநிரல் தேவை. பிழை காணும் நிலையையும் மறவாமல் நிறுத்திவிட வேண்டும். அது திறந்திருப்பின், பிழை நேரும்போது நிரலின் உட்பகுதிகள் அயலார்க்குத் தெரிவதுடன், அதன்வழி அவர்கள் கட்டளையிடவும் இடமளித்துவிடும்.

ஐந்தாவது, தொடக்கக் கட்டளை. செயலியை எந்தக் கட்டளையால் தொடங்க வேண்டும் என்பதை ஒரு சிறு கோப்பில் ஒரே வரியில் எழுதி நிரலுடன் சேர்க்க வேண்டும்.

அனுப்புதல் முதல் இயங்குதல் வரை

ஆயத்தமான நிரலைக் கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியின் வழியே அனுப்புவது வழக்கம். 2005-ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இக்கருவி, நிரலில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதைப் பதிவு செய்கிறது. கோப்பில் குறிப்பெழுதிக் கையொப்பமிடும் அலுவலக மரபை இது ஒத்ததாகும்.

நிரல் சேவைத் தளத்தை அடைந்தபின் மூன்று கட்டங்கள் நிகழ்கின்றன. முதற்கட்டத்தில், சார்புப் பட்டியலைப் படித்துத் துணை நிரல்கள் கொணரப்பட்டு, இயங்கத்தக்க தொகுப்பு உருவாகிறது. இரண்டாம் கட்டத்தில், அத்தொகுப்புடன் சூழல் மாறிகள் இணைக்கப்பட்டு, எண்ணிட்ட வெளியீடாகிறது. மூன்றாம் கட்டத்தில், தொடக்கக் கட்டளை நிறைவேற்றப்பட்டுச் செயலி உயிர்பெறுகிறது. இக்கட்டங்களைத் தனித்தனியே வைத்திருப்பதால், தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதை எளிதில் அறியலாம். துணை நிரல் கிடைக்கவில்லையெனில் முதற்கட்டம் நிற்கும். கடவுச்சொல் தவறெனில் மூன்றாம் கட்டத்தில் செயலி எழுந்து உடனே விழும்.

அவ்வாறு விழும்போது நாம் முதலில் காண வேண்டியது நிகழ்வுப் பதிவேட்டையே. ஒவ்வொரு கோரிக்கையும் ஒவ்வொரு பிழையும் அதில் நேரக்குறிப்புடன் பதிவாகின்றன. விடைகளுக்கு எண்களும் உண்டு. 404 என்பது கோரிய பக்கம் இல்லை என்பதையும், 500 என்பது நிரலுக்குள் பிழை என்பதையும், 503 என்பது சேவை தற்காலிகமாகக் கிடைக்கவில்லை என்பதையும் குறிக்கும். பதிவேட்டைப் படிக்காமல் ஊகத்தின்பேரில் நிரலைத் திருத்துவது, நோயறியாமல் மருந்தளிப்பதை ஒக்கும்.

தரவு எங்கே தங்குகிறது?

புதிதாகப் பணியமர்த்துவோர் பெரிதும் இடறும் இடம் இதுவே. பல தளச் சேவைகளில், செயலி இயங்கும் கணினியின் சேமிப்பிடம் நிலையற்றது. ஹெரோகுவில் செயலி நாள்தோறும் ஒரு முறையேனும் புதிதாகத் தொடங்கப்படும். அப்போது அச்சேமிப்பிடத்தில் எழுதப்பட்ட கோப்புகள் அழிந்துவிடும். மாணவி பதிவேற்றிய சான்றிதழ் நகலை அங்கு வைத்திருந்தால், மறுநாள் அது இராது. எவ்விதப் பிழைச் செய்தியும் தோன்றாததால் இழப்பு உடனே தெரியவும் தெரியாது. ஆகவே, விவரங்களைத் தனித் தரவுத்தளத்திலும், கோப்புகளைத் தனிச் சேமிப்புச் சேவையிலும் வைக்க வேண்டும். செயலி எத்தனை முறை எழுந்தாலும் விழுந்தாலும் அவை நிலைத்திருக்கும்.

அவ்வாறு வைத்தபின்னும் நகல் தேவை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் நகல் வைத்திராத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவை இழந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலங்களில் பற்றிய தீயினால் 709 அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஓர் அமைப்பில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அதற்கு வெளி நகல் இருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள நாட்டிலேயே இது நேர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சேமிப்புகள், அவற்றுள் ஒன்றேனும் வேறு ஊரில் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட விதி. இதனுடன், நகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையையும் காலாண்டுக்கு ஒரு முறையேனும் நடத்துதல் நன்று. மீட்டுப் பார்க்கப்படாத நகல், எண்ணிப் பார்க்கப்படாத ரொக்கக் கையிருப்பைப் போன்றது.

முகவரியும் சான்றிதழும்

சேவைத் தளம் முதலில் தன் பெயரைச் சார்ந்த ஒரு முகவரியை அளிக்கும். மக்கள் நினைவிற்கொள்ளும் சொந்த டொமைன் பெயரை அதனுடன் இணைப்பது அடுத்த படி. அரசு அலுவலகங்களுக்கான ‘கவ்.இன்’ பெயர்களைத் தேசிய தகவலியல் மையம் வழங்குகிறது. பெயருக்குரிய கணினியைக் காட்டும் குறிப்பை உலகெங்குமுள்ள பெயர் வழங்கிகள் சில மணி நேரம் தம்மிடம் வைத்துக்கொள்வதால், முகவரி மாற்றம் எல்லார்க்கும் ஒரே கணத்தில் தெரிவதில்லை. எனவே, கடைசி நாளுக்கு முந்தைய நாள் இம்மாற்றத்தைச் செய்தல் கூடாது.

மாணவியின் வங்கிக் கணக்கு எண்ணை இடைவழியில் எவரும் படிக்காதிருக்க, தொடர்பு மறைக்குறியாக்கம் பெற வேண்டும். இதற்கான சான்றிதழைச் சேவைத் தளங்கள் பலவும் தாமே பெற்றுப் புதுப்பிக்கின்றன. சான்றிதழ் காலாவதியானால் உலாவி அச்சுறுத்தும் எச்சரிக்கையைக் காட்டும். அதனைக் கண்டு பொதுமக்கள் விலகுவர். ஆகவே, அதன் காலக்கெடுவை நாட்குறிப்பில் பதித்து வைத்தல் வேண்டும்.

காலமும் மொழியும்

மேகக் கணிமை வழங்கிகள் வழக்கமாக உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுகின்றன. இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முன்னதாகும். நிரலில் இதனைக் கருத்திற்கொள்ளாவிடில், கடைசித் தேதிக்கு மறுநாள் அதிகாலை 5.30 மணி வரை வந்த விண்ணப்பங்களும் முந்தைய நாளில் வந்தவையாகப் பதிவாகும். ஒருவர்க்குச் சலுகையாகவும் மற்றவர்க்கு அநீதியாகவும் இது முடியலாம். நீதிமன்றம் வரை செல்லக்கூடிய வழக்கிற்கும் வித்திடலாம். நேரத்தைப் பொது நேரத்திலேயே சேமித்து, காலக்கெடுவைக் கணக்கிடும்போதும் திரையில் காட்டும்போதும் இந்திய நேரத்திற்கு மாற்றுதல் முறையாகும்.

மொழியிலும் இத்தகைய கவனம் தேவை. யூனிகோடு முறையின் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்து ஒன்று 1 பைட் இடத்தையும், நம் நாட்டு மொழிகளின் குறி ஒன்று 3 பைட் இடத்தையும் கொள்ளும். உயிர்மெய்யெழுத்துப் பலவற்றில் இரு குறிகள் இருப்பதால் அவை 6 பைட் பெறும். பெயருக்கான இடம் பைட் கணக்கில் அளக்கப்படும் தரவுத்தளத்தில், ஆங்கிலத்தை மட்டும் எண்ணி 30 பைட் ஒதுக்கினால், பத்துக் குறிகளுக்கு மேற்பட்ட பெயர் அதில் அடங்காது. சோதனையின்போதே தமிழ், இந்தி, வங்காளம் முதலிய மொழிகளில் நீண்ட பெயர்களை இட்டுப் பார்த்தல் அவசியம்.

மாற்றங்களும் மீட்சியும்

பணியமர்த்தல் ஒரு முறையோடு முடிவதில்லை. விதிகள் மாறும்; வருமான வரம்பு உயரும்; நிரலும் மாற வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில், எட்டு வழங்கிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டது. அதிலிருந்த பழைய நிரற்பகுதி உயிர்பெற்றுத் தவறான வணிகங்களைச் செய்தது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. கையால் செய்யும் பணியில் ஒரு படி விடுபடுதல் இயல்பு. அதனால்தான் பணியமர்த்தலின் படிகளைத் தானியங்கும் கட்டளைத் தொகுப்பாக எழுதிவைப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

முந்தைய வெளியீட்டிற்குத் திரும்பும் வழியையும் முன்பே சோதித்து வைக்க வேண்டும். எண்ணிட்ட வெளியீடுகள் இருப்பின், பெரும்பாலான தளங்களில் ஒரே கட்டளையில் திரும்பிவிடலாம். ஆனால், தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றியிருந்தால் நிரல் மட்டும் திரும்பினால் போதாது. எனவே, அத்தகைய மாற்றத்திற்கு முன் நகலெடுத்தல் கட்டாயமாகும்.

சேவை நிறுவனங்கள் மாதத்தில் 99.9 விழுக்காடு நேரம் சேவை கிடைக்கும் என உறுதியளிப்பதுண்டு. 30 நாள் மாதத்தில் எஞ்சும் 0.1 விழுக்காடு என்பது சுமார் 43 நிமிடங்கள். 99 விழுக்காடு எனில் தடை 7 மணிக்கு மேலும் நீடிக்கலாம். அந்த நிமிடங்கள் எந்த நாளில் வரும் என்பதை ஒப்பந்தம் கூறாது. கடைசி நாளன்று தடை நேர்ந்தால் காலக்கெடு எவ்வாறு நீட்டிக்கப்படும் என்பதை அறிவிக்கையிலேயே குறிப்பிடுவது, எந்தத் தொழில்நுட்பமும் அளிக்கவியலாத பாதுகாப்பை விண்ணப்பதாரர்க்கு அளிக்கும்.

பொறுப்பு யாருடையது?

கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவற்றுக்குச் சேவை நிறுவனம் பொறுப்பு. நிரலின் பிழை, பலவீனமான கடவுச்சொல், தேவைக்கு மிஞ்சிய அனுமதி, எடுக்கப்படாத நகல் ஆகியவற்றுக்கு அலுவலகமே பொறுப்பு. 2023-ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் சார்பில் பிறர் கையாளும் தரவுக்கும் தரவைத் திரட்டியவரே பொறுப்பாவார் என்கிறது. தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் ரூ. 250 கோடி வரை தண்டத்தொகை விதிக்கவும் அது வகை செய்கிறது. இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டத்தின் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்குக் கொணரப்படுகின்றன. செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணையின்படி, குறிப்பிட்ட வகைக் கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். நிகழ்வுப் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்கவும் வேண்டும்.

இலவசச் சேவைகளைக் குறித்தும் ஒரு சொல். மாணவர்கள் கற்பதற்கு அவை மிகவும் பயன்படுகின்றன. எனினும், ஹெரோகு நிறுவனம் 2022 நவம்பர் 28 முதல் இலவசத் திட்டங்களை நிறுத்தியபோது, அவற்றில் இயங்கிய செயலிகளும் தரவுத்தளங்களும் முடிவுக்கு வந்தன. பொதுப்பணிக்குரிய செயலியை அத்தகைய அடித்தளத்தில் அமைத்தல் பொருந்தாது. கட்டணச் சேவையிலும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறும் செலவு மறைந்து நிற்கிறது. தரவை வெளியே எடுக்கக் கட்டணம் விதிக்கப்படலாம். ஒரு நிறுவனத்திற்கே உரிய வசதிகளைப் பயன்படுத்தினால் நிரலையே மாற்றி எழுத நேரலாம். போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்த மூலத் தரவுத்தளங்களையும் திறந்த தரங்களையும் தேர்ந்தெடுத்தால் இச்செலவு குறையும்.

இறுதியாக, நிருவாகம் சார்ந்த ஒரு செய்தி. மேகக் கணிமைக் கணக்கு பல இடங்களில் ஒப்பந்ததாரர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலிலோ, இடமாற்றம் பெறவிருக்கும் அலுவலரின் கைப்பேசி எண்ணிலோ பதிவாகியிருக்கிறது. அவர் சென்றபின் கட்டண நினைவூட்டல்கள் எவரையும் எட்டுவதில்லை. செயலி ஒரு நாள் நின்றுவிடுகிறது. கணக்கைப் பதவியின் பெயரிலான மின்னஞ்சலில் தொடங்குவதும், இருவரேனும் நிருவாக அனுமதி பெற்றிருப்பதும் இன்றியமையாதன. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பெட்டகச் சாவி, வாகனம், அசையும் பொருட்கள் ஆகியவற்றுடன், மேகக் கணிமைக் கணக்கு, டொமைன் பெயர், சான்றிதழின் காலக்கெடு, நகல் இருக்கும் இடம் ஆகிய நான்கையும் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு கையொப்பமுமே போதும்.

மேகக் கணிமை, சிறு அலுவலகத்திற்கும் பெரிய தரவு மையத்தின் வலிமையை வாடகைக்கு அளிக்கிறது. முன்னர் மூலதனமின்மையால் தடைப்பட்ட பல பணிகள் இதனால் இயல்வனவாகியுள்ளன. கணினித் திறனை வாடகைக்குப் பெறலாம். பொறுப்பை அவ்வாறு பெற இயலாது. அதனை உணர்ந்து செயற்படும் அலுவலகத்தில், கடைசி நாள் மாலையில் பேருந்திலிருந்து இறங்கிவரும் மாணவியின் விண்ணப்பமும் உரிய இடத்தைச் சென்றடையும்.